டோரதியின் பொய்க்கடை

"இன்னைக்காவது கடையைச் சீக்கிரம் மூடிடுங்கம்மா. புள்ளைக்கு உடம்பு அனலா கொதிக்குது" என்றாள் ஹாஜிரா.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும்" என்றாள் டோரதி. காலிக் கூஜாவைச் சாய்த்து, ஹாஜிராவின் தம்ளரில் இல்லாத நன்னாரி சர்பத்தை நிதானமாக ஊற்றினாள்.

பொன்மலை ரயில்வே பட்டறைக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் கடைசிக்கு முந்தியது டோரதியுடையது. பிள்ளைகள் இல்லாத விதவை. அவள் கணவர் வெள்ளைக்காரர்கள் கிளப்பில் மது ஊற்றிக் கொடுக்கும் வேலையில் இருந்து இறந்தவர். வேலை முடிந்ததும் துரைமார்கள் அங்கே உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுவார்களாம். அதை அவள் ஒரு நாள் சொல்லப்போக, "பேசறதுக்கு ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் கடையா?" என்று அதே லைனில் இருந்த இருசம்மாள் கேட்டாள்.

மறுநாள் மாலையே டோரதி தன் முன்னறையில் இரண்டு பெட்டிகளின் மேல் ஒரு பலகையைப் போட்டு, நாலு தம்ளர்களை வைத்துவிட்டாள். ஊற்றுவதும் குடிப்பதும் வெறும் பாவனைதான் என்பதால் லைனில் அதற்குப் பொய்க்கடை என்று பெயர் விழுந்தது. கடைசி வீட்டுக்கு ராசாத்தி புதுப்பெண்ணாக வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. டோரதி அவளையும் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

விளக்கு வைத்ததும் கடை திறக்கும். இருசம்மாளுக்கு எப்போதும் பிராந்தி. அதைக் குடித்துவிட்டு, வையம்பட்டி மாமியார் வெல்லத்தைப் பூட்டி வைப்பதிலிருந்து யுத்தத்தால் அரிசி கிடைக்காதது வரை எல்லாவற்றையும் திட்டித் தீர்ப்பாள். மறுநாள் குழாயடியில், போதையில் பேசியதை யாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பாள். பொய்யாகக்கூட மதுவைத் தொடக் கூடாதே என்று ஹாஜிரா முதல் நாள் தயங்கினாள். காற்றில் ஏது ஹராம் என்று இருசம்மாள் கேட்டும் கேளாமல், தனக்குச் சர்பத் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டாள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவள் ராசாத்திதான். நேரமாகிவிட்டது, அவர் வந்திருப்பார் என்று முதலில் சொல்பவளும் அவள்தான். ஆனால் எழுந்திருக்க மாட்டாள்.

கடைக்கு இருந்தது ஒரே விதி. மூடும்போது எல்லோரும் சேர்ந்துதான் போக வேண்டும். எப்போது மூடுவது என்பது டோரதியின் இஷ்டம். ஒரு நாள் சீக்கிரமே தம்ளர்களைக் கவிழ்த்துவிடுவாள். இன்னொரு நாள், சந்தையில் கடையடைத்து வந்த ஹாஜிராவின் கணவர் சேக் மைதீன் வீட்டில் பசியோடு காத்திருப்பார். இங்கே டோரதி இன்னொரு சுற்று ஊற்றிக்கொண்டிருப்பாள். துணையில்லாதவள், நாமும் இல்லாவிட்டால் சுவரோடுதான் பேசுவாள் என்று ஹாஜிரா பொறுத்துக்கொண்டாள்.

இன்று அந்தப் பொறுமை போய்விட்டது.

"உங்களுக்கு உலை வைக்கச் சொல்லி யாரும் காத்திருக்கலை. எங்களுக்கும் அப்படியா?" என்று கேட்டுவிட்டு எழுந்தாள்.

டோரதி கூஜாவைப் பலகையின் மேல் வைத்தாள். "நீ போம்மா. புள்ளையைப் பாரு. இருசம்மா கொஞ்சம் இருப்பா" என்றாள்.

ஆனால் இருசம்மாளும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். கடைசியாக ராசாத்தி எழுந்தாள். வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தன் வீட்டுக்குள் போனாள்.

மறுநாள் காலையில் ராசாத்தி குழாயடிக்கு வரவில்லை. அவளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி, அவள் கணவன் சின்னையனே குடத்தோடு வந்தான். தலை நிமிராமல் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனான். பெண்டாட்டியை இப்படித் தாங்குகிறவன் இந்த லைனிலேயே உண்டா என்று பெண்கள் மெச்சினார்கள். ஹாஜிராவும் அதை ஆமோதித்தாள்.

அன்றைக்கே டோரதி நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாகப் படுத்துவிட்டாள். பொய்க்கடை திறக்கவில்லை. பெங்களூரிலிருந்து தங்கை மகன் வந்து அவளை அழைத்துப்போவதாக ஏற்பாடாயிற்று. அதைக் கேட்டதும் ஹாஜிராவுக்கு மனம் பொறுக்கவில்லை. பிள்ளைக்கு வைத்த கஞ்சியிலேயே ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு போனாள்.

"அன்னைக்கு நான் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்கம்மா" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"அதை விடு" என்று டோரதி மூச்சு வாங்கினாள். "எனக்காக ஒண்ணு செய்யணும். நான் திரும்பி வர வரைக்கும் கடையை நீ நடத்து. இன்னைக்கே திற. சாவியை உங்கிட்டயே தரச் சொல்லியிருக்கேன்."

இந்த நிலையிலும் விளையாட்டை விட மனமில்லையே என்று ஹாஜிராவுக்குப் பரிதாபமாக இருந்தது. கஞ்சியை ஆற்றி ஊட்டியபடி, எல்லோரையும் வரச் சொல்வதாகத் தேறுதல் சொன்னாள்.

"தினம் விளக்கு வச்சதும் திறந்துட்டு, ராத்திரி இஷா தொழுகைக்கு முன்னாடி மூடிடறேன். சரிதானேம்மா?"

டோரதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காய்ச்சலிலும் அந்தப் பிடி இறுக்கமாக இருந்தது.

"நேரம் பார்த்து மூடாதே."

"பின்னே எப்பம்மா மூடறது?"

டோரதி கட்டிலை ஒட்டியிருந்த சுவரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அதற்கு அந்தப் பக்கம் ராசாத்தியின் வீடு.

"அவளும் எங்கிட்ட சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கள்ளுக்கடையிலேருந்து சின்னையன் தினமும் பின்வாசல் வழியாத்தான் வரான். வரும்போது அவ வீட்டுல இருந்தா அடிக்கிறான். இல்லேன்னா கொஞ்ச நேரம் முனகிட்டுப் படுத்துடறான். இங்கே வந்து கூப்பிட்டா நாலு பேருக்குத் தெரிஞ்சிடும்னு கூப்பிட மாட்டான். அவன் குறட்டை இந்தச் சுவத்துல கேட்டப்புறம்தான் நீ கடையை மூடணும், ஹாஜிரா."