ஆறாம் வீட்டுக்குப் போன செவ்வாய்

செவ்வாயை நகர்த்தியாகிவிட்டது. பழைய இடத்திலேயே வைத்துவிடலாமா என்று சீதாலெட்சுமி யோசிப்பதற்குள் பிரிண்டர் கரகரவென்று கத்தத் தொடங்கியது. அக்காவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் அம்மா வள்ளியம்மாவும் கடைக்குள் வந்துவிட்டாள்.

எல்லாம் பள்ளியின் ஐந்தாம் படிவ அறிவியல் கண்காட்சிக்காக அவள் எழுதிய புரோகிராமால் வந்த வினை. கோள்கள் சூரியனைச் சுற்றுவதைத் திரையில் காட்டும். அப்பா பக்கிரிசாமி எட்டிப் பார்த்தார்.

"சுத்துறதெல்லாம் சரி. ஜாதகக் கட்டத்துல எங்க நிக்கும்னு சொல்லுமா?"

அடுத்த மாதமே பிரிக்பீல்ட்ஸில் அப்பாவின் கடை வாசலில் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று போர்டு தொங்கியது. விஞ்ஞானம் வளர்ந்தது.

அக்கா ராஜேஸ்வரிக்குத்தான் அது உதவவில்லை. ஏழாம் வீட்டில் செவ்வாய், தோஷம் என்று பஞ்சாங்கம் சொன்னதையே, சீதாலெட்சுமி தனியாகப் போட்டுப் பார்த்தபோது கம்ப்யூட்டரும் சொன்னது, கொஞ்சம் வேகமாக. இதுவரை வந்த வரன்கள் வடையைத் தின்றுவிட்டு, கட்டத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். நேற்று அக்கா குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதாள்.

"இதுவும் போச்சுன்னா இனிமே யாரையும் கூட்டிட்டு வராதீங்கப்பா."

அதனால்தான் சீதாலெட்சுமி செவ்வாயின் சுற்றுப்பாதையில் ஒரே ஒரு எண்ணை மாற்றினாள். அத்தனை பெரிய கோள், மறுபேச்சு இல்லாமல் ஏழாம் வீட்டைக் காலி செய்து ஆறாம் வீட்டுக்குக் குடிபோனது.

கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த வள்ளியம்மா பெண்ணின் படத்தைக்கூடக் கேட்கவில்லை.

"செவ்வா எங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்கண்ணே, போதும்."

சீதாலெட்சுமி திரையை அணைத்தாள்.

அப்பா பிரிண்டரிலிருந்து தாளைக் கிழித்தெடுத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்தார். மனிதருக்கு முகமெல்லாம் பல்.

"ஆறுல இருக்கும்மா. தோஷமே இல்ல. இத்தன வருஷமா பஞ்சாங்கக்காரன்தான் தப்பா போட்டிருக்கான் லா. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

வள்ளியம்மா தாளை வாங்கினாள். மேலும் கீழும் பார்த்தாள். முகம் தொங்கிப்போனது.

"நல்லாப் பாருங்கண்ணே. ஏழுல இல்ல?"

"இல்லவே இல்ல. நம்ம சின்னவ எழுதுன புரோகிராம். வேணும்னா அவளையே கேளுங்க."

வள்ளியம்மா சீதாலெட்சுமியின் பக்கம் திரும்பினாள்.

"எங்க பையனுக்கும் தோஷம், உங்க அக்காவுக்கும் தோஷம்னு கேள்விப்பட்டு, ரெண்டும் சேரும்னு நம்பித்தானே வந்தோம். உங்க அக்காவோட செவ்வா எங்கம்மா போச்சு?"