நூற்று எழுபத்தெட்டு சென்டிமீட்டர்

மூச்சு பொய் சொல்லாது.

நுரையீரல் பரிசோதனை அறையின் சுவரில் இந்த வாசகம் தங்க நிறச் சட்டத்துக்குள் தொங்கியது. அடியில் பெரிய டாக்டரின் கையெழுத்து.

அதற்கும் அடியில் உயரம் அளக்கும் பட்டை. பட்டைக்கு முன்னால், புது இயந்திரத்தோடு வந்த ஊதுகுழாய்ப் பெட்டிகள் இடுப்பளவுக்கு அடுக்கிக் கிடந்தன. நகர்த்த ஆள் அனுப்புவதாக நிர்வாகம் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆகவே மூன்று வாரமாக சிஸ்டர் யாரையும் அளப்பதில்லை. கேட்டு எழுதிக்கொள்வார்.

நூற்று எழுபத்தெட்டு என்று சங்கத் தலைவர் யோசிக்காமல் சொன்னார். நோட்டிலிருந்து தலையை எடுக்காமல் சிஸ்டரும் எழுதிக்கொண்டார்.

குடியிருப்போர் சங்கத்துக்கு அவர் பன்னிரண்டு வருடத் தலைவர். தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றி மட்டும் நாற்பது நிமிடம் பேசக்கூடியவர். பத்து நாளாக விடாத இருமல். மனைவியும் மனைவியின் தம்பியும் தள்ளாத குறையாக அழைத்து வந்திருந்தார்கள்.

மூக்கில் கிளிப்பை மாட்டியதுமே தலைவர் பதவியில் பாதி போய்விட்டது. மீதியை வைத்துக்கொண்டு ஊதினார். ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும் என்று சிஸ்டர் போட்ட சத்தத்தில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களும் சேர்ந்து ஊதினார்கள்.

மூன்று தடவை. மூன்றும் அச்சடித்ததுபோல ஒரே அளவு.

எண்பதுக்குமேல் இருக்க வேண்டிய இடத்தில், திரையில் எழுபத்திரண்டு சதவீதம் என்று வந்தது.

பெரிய டாக்டர் வந்தார். லிஃப்டில் வந்தார். புது இயந்திரத்தில் முதல் ஆளாக ஊதித் துவக்கிவைத்த நாளிலிருந்து அவர் படியைத் தொடுவதில்லை. சட்டைப் பையில் ஒரு இன்ஹேலரும் குடியேறியிருந்தது. ஏன் என்று கேட்கும் துணிச்சல் அங்கே யாருக்கும் இல்லை.

தாளைப் பார்த்தார். குடும்பத்தை உள்ளே கூப்பிட்டார். நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிறது போலிருக்கிறது, நாளைக்கே ஸ்கேன், பயப்பட ஒன்றுமில்லை என்றார். அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளில்தான் எல்லோருக்கும் பயமே வந்தது.

மனைவியின் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடி கழன்று இயந்திரத்துக்கு அடியில் உருண்டது. யாரும் குனியவில்லை.

தலைவர் கிளிப்பைக் கழற்ற மறந்திருந்தார். மூக்கடைத்த குரலில், அக்காவைப் பார்த்துக்கொள் என்று மைத்துனரிடம் சொன்னார். பதினைந்து வருடமாக அந்த ஆறடி மைத்துனரிடம் அவர் மணி கேட்டதுகூட இல்லை. மைத்துனர் அத்தான் அத்தான் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

சிஸ்டருக்கு மட்டும் எங்கோ இடித்தது. விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் தொண்ணூற்றொன்பது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் சுத்தமான சத்தம். இந்த எழுபத்திரண்டு எங்கிருந்து வந்தது?

கையெழுத்து வாங்கத் தாளை நீட்டியபடி தலைவரின் பக்கத்தில் போய் நின்றார். இருவர் கண்களும் நேருக்கு நேர் இருந்தன.

சிஸ்டரின் உயரம் நூற்று அறுபத்தைந்து.

அவர் பார்வை மெல்லக் கீழே இறங்கியது. தலைவருடைய ஷூவின் அடிப்பாகம் அரைச் செங்கல் கனத்துக்கு இருந்தது.

சிஸ்டர் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரமாக வைத்தார். ஏழே பெட்டி. இரண்டு நிமிட வேலை. பிறகு, இந்த இயந்திரம் காற்றை மட்டும் அளப்பதில்லை, இவ்வளவு உயரமான ஆளுக்கு இவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு அதோடு ஒப்பிடுகிறது என்று தலைவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஷூவைக் கழட்டிட்டு இப்படி வந்து நில்லுங்க, சார்."

தலைவருக்கு உடனே புரிந்துவிட்டது. முகத்தில் ரத்தம் திரும்பியது. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். கதவு நிலை வரைக்கும் நின்ற மைத்துனரைப் பார்த்தார். திரும்பிய ரத்தம் மறுபடி வடிந்தது.

"எதுக்கு சிஸ்டர் சிரமம்? ஸ்கேனே எடுத்துடலாமே."

"ஏங்க, உசிரைவிட அந்த ஷூவா பெருசு? கழட்டித் தொலைங்க" என்றார் மனைவி.

தலைவர் குனிந்தார். ஷூவுக்குள்ளிருந்து ஆப்பு வடிவத்தில் ஒரு தக்கை வந்தது. அதற்கு அடியிலிருந்து இன்னொன்று. மைத்துனர் நாகரிகம் தெரிந்தவர். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நூற்று அறுபது.

சிஸ்டர் எண்ணை மாற்றித் தட்டினார். திரை ஒரு கணம் வெளுத்துவிட்டு, தொண்ணூற்றொன்று சதவீதம் என்றது. நுரையீரல் கல்லுமாதிரி இருக்கிறது. இருமல் வெறும் இருமல். மனைவி அழுகையை நிறுத்தாமலே சிரித்தார். தக்கைகளை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

பெரிய டாக்டர் சுவரில் இருந்த பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே போனார். படியில் இறங்கும் சத்தம் கேட்டது. திடமான, வேகமான இறக்கம்.

சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று வார நோட்டைப் பின்னாலிருந்து திருப்பினார். நாற்பத்தோரு ஆண்கள். ஒருவர்கூட நூற்று எழுபதுக்குக் கீழே இல்லை. பதினோரு பேர் வீட்டில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதல் பக்கத்துக்கு வந்தார். முதல் பெயர் பெரிய டாக்டருடையது. நூற்று எண்பது என்று தன் கையாலேயே எழுதியிருந்தார்.

சிஸ்டர் அவரோடு வேலை பார்க்கத் தொடங்கி ஒன்பது வருடம் ஆகிறது. ஒரு நாளும் அவரை நிமிர்ந்து பார்த்துப் பேச வேண்டியிருந்ததில்லை.