பொருந்தாத தகடு

மூன்றாவது தகடும் பொருந்தவில்லை.

அவர் அதைக் காரின் பானட்டுக்குள்ளிருந்து எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, பெருமூச்சு விட்டு, ஏற்கெனவே தரையில் கிடந்த இரண்டின் மேல் போட்டார்.

"ஓட்டை இடம் வலமா மாறிப்போச்சும்மா" என்றார், ஓட்டைகள் தாங்களாகவே எழுந்து நடந்து இடம் மாறிக்கொண்டதைப் போல.

அவருடைய மனைவி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். செருப்பைப் போட்டு, கைப்பையைத் தோளில் மாட்டி, கிளம்பத் தயாராகி அரை நாள் ஆகிறது. இருட்டுவதற்குள் அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அண்ணன் இரண்டு முறை போன் செய்துவிட்டான். இந்த மனிதருக்குக் காரைப் பிரித்துப் போட இன்றைக்குத்தான் நாள் கிடைத்தது.

கார் என்ன ஓடாமலா கிடந்தது? நன்றாகத்தான் ஓடியது. ஒரு முணுமுணுப்பு இல்லாமல் நேற்றுவரை ஓடிய காரை, காலையில் எழுந்து முகம்கூடக் கழுவாமல் திறந்து வைத்துக்கொண்டார்.

இன்ஜின் விடுகிற புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள்ளேயே அனுப்புகிற வால்வு ஒன்று இருக்கிறதாம். ஊர்க் காற்று கெடக் கூடாதென்று காரைச் செய்தவர்கள் வைத்தது. அந்த வழியை ஒரு தகட்டால் அடைத்துவிட்டால் கார் பிய்த்துக்கொண்டு போகும் என்று எவனோ வேலையற்றவன் செல்போனில் சொல்லியிருக்கிறான். ஊர் மூச்சு முட்டிச் செத்தாலும் பரவாயில்லை, இவர் மேட்டில் வேகமாக ஏற வேண்டும். அந்தத் தகட்டையும் கடையில் வாங்கினால் கௌரவக் குறைச்சல். வீட்டிலேயே வெட்டினால்தான் விஞ்ஞானி.

பன்னிரண்டு வருடமாக இதே கூத்துதான். மின்விசிறியின் சத்தத்தை நிறுத்துகிறேன் என்று மின்விசிறியையே நிறுத்தியவர். சொட்டுகிற குழாயைச் சரிசெய்யப் போய்ச் சமையலறையைக் குளமாக்கியவர். பார்ப்பது கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிற வேலை. வீட்டுக்கு வந்துவிட்டால் தெரியாத தொழில் கிடையாது.

எத்தனை திட்டினாலும் மனிதருக்குக் கோபம் வராது. அதுதான் அவளுக்கு எரிச்சல். சுவரோடு சண்டை போட்டால்கூடக் கொஞ்சம் சுண்ணாம்பு பெயர்ந்து விழும்.

தகடே வேண்டாம், பழையபடி மாட்டித் தொலையுங்கள் என்று மதியமே சொல்லிப் பார்த்தாள். காது கேட்காதவர் போல அரத்தைத் தேடினார்.

இப்போது, பழைய கேட்டிலிருந்து அறுத்தெடுத்த இரும்பின் மேல் வால்வுக்கு அடியில் போடுகிற கேஸ்கட் அட்டையை அச்சாக வைத்து, அதைச் சுற்றி நாலாவது முறையாகப் பென்சிலால் கோடு இழுத்தார். இரண்டு போல்ட் ஓட்டைகளுக்கும் புள்ளி வைத்தார். ஒன்று ஓரத்தில், இன்னொன்று சற்று உள்ளே தள்ளி. கேஸ்கட்டை எடுத்துப் படியில் வைத்துவிட்டு ரம்பத்தைக் கையில் எடுத்தார்.

"ஏங்க, முனையில இருக்கிற மெக்கானிக்கைக் கூப்பிட்டா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டுப் போயிடுவான். உங்களுக்கே வெக்கமா இல்ல?"

"இது ஒண்ணு மட்டும் சரியா வந்துடுச்சுன்னா கிளம்பிடலாம்மா."

சரியாக வந்து கிழிக்கப் போகிறது. அவள் படியிறங்கி வந்தாள். அந்த மூன்று தண்டங்களையும் குப்பையிலாவது போடலாம் என்று குனிந்து, மேலே கிடந்ததை எடுத்தாள்.

ஓரமெல்லாம் வழவழவென்று இருந்தது. கையில் ஒரு பிசிறு தட்டவில்லை. வேலை என்னவோ சுத்தம்தான், மூளைக்குத்தான் பஞ்சம் என்று நினைத்துக்கொண்டே, கைக்குட்டையைத் திருப்புவது போல அதைச் சும்மா திருப்பினாள்.

திருப்பியதைப் படியில் கிடந்த கேஸ்கட்டின் மேல் வைத்தாள்.

ஓரத்தோடு ஓரம் பொருந்தியது. ஓட்டையோடு ஓட்டை பொருந்தியது.

மற்ற இரண்டையும் எடுத்துத் திருப்பி வைத்துப் பார்த்தாள். அவையும் அச்சாகப் பொருந்தின.

அவளுக்கு நாக்கு துறுதுறுவென்று அரித்தது. இரும்புத் தகட்டில் ஏதய்யா நல்ல பக்கம், கெட்ட பக்கம்? எப்படித் திருப்பினாலும் தகடு தகடுதானே? இத்தனை வருடத்தில் இவரைக் கேட்க இப்படியொரு கேள்வி அவளுக்குக் கிடைத்ததே இல்லை. வாயைத் திறந்தும்விட்டாள்.

திறந்த வாய் அப்படியே நின்றது.

கல்யாணமான புதிதில் அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், வலக் கண்ணுக்கும் இடக் கண்ணுக்கும் ஒரே அச்சைத் திருப்பிப் போட்டு லென்ஸ் வெட்டிக் காட்டியவர் இவர்தான். இன்றுவரை தினமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

அவரைப் பார்த்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. ரம்பம் இரும்பின் மேல் அசையாமல் இருந்தது.

காரின் பின்சீட்டில் பெட்டிகள் இரண்டும் அடுக்கியபடி இருந்தன. இரண்டும் அவளுடையவை. அவருடைய துணி ஒன்றுகூட அவற்றில் இல்லை. இனி ஒத்துவராது என்று நேற்று உட்கார்ந்து பேசி முடித்திருந்தார்கள். பன்னிரண்டு வருடத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். அவளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு அவர் மட்டும் திரும்பி வருவதாக ஏற்பாடு.

அவள் மூன்று தகடுகளையும் சேர்த்து அள்ளி, அவர் கைக்கு எட்டாமல் குப்பைத் தொட்டிக்குள் வீசினாள்.

"இதெல்லாம் ஒரு தகடா? ஒண்ணுகூடப் பொருந்தல. வேற வெட்டுங்க."