கித்தாருக்குள் விழுந்தது

கிருபாகரன் கித்தாரைத் தலைகீழாகப் பிடித்து வேகவேகமாக உலுக்கினான். உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டதே தவிர, வெளியே வரவில்லை. அது இதற்குள் விழுந்த நாளிலிருந்து ஒரு வாரமாக வீட்டில் சொல்லிவந்த பொய் இன்று மாலைக்கு மேல் தாங்காது. அதற்குள் எடுத்தாக வேண்டும். அதுவும் இந்த இசைக்கருவிக் கடையில் வேலை பார்க்கும் ஷெரின் கண்ணில் படாமல். வாசித்துப் பார்ப்பதற்கென்றே கட்டிய, சத்தம் வெளியே போகாத அந்தக் கண்ணாடி அறையின் கதவு திறந்தது. ஷெரின்தான். உள்ளே வந்து கதவைச் சாத்தி அதிலேயே சாய்ந்துகொண்டாள்.

"கம்பி மீட்டற பிக் உள்ள விழுந்துடுச்சா கிருபா?"

"ஆமா. விடுங்க, வேற வாங்கிக்கிறேன்."

"ஒரு பிக்குக்கா இப்படி வேர்க்குது? குடுங்க. உலுக்கினா வராது. ஓட்டை கிட்ட நகர்த்தி, சட்டுனு கவுக்கணும். தினம் நாலு பேருக்கு எடுத்துக் குடுக்கறேன்."

அவன் பிடியை விடவில்லை. அவள் சிரித்தபடி பிடுங்கிக்கொண்டாள்.

"அப்புறம், போன வாரம் நீங்க கேட்டதை வீட்ல சொல்லிட்டேன். அப்பா உங்களைப் பார்க்கணுமாம்."

சொல்லிக்கொண்டே கவிழ்த்தாள். உள்ளங்கையில் ஒரு தங்க மோதிரம் விழுந்தது. அவள் அதை வெளிச்சத்தில் திருப்பி, உட்புறம் கல்யாணத் தேதியோடு பொறித்திருந்த பெயரை நிதானமாகப் படித்தாள்.

"ஹேமலதா."