இரண்டு காலும் சேர்த்து

“லைன் ஆஃப் ஆயிடுச்சுண்ணே! இறங்குங்க!”

கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்த வேகத்தில் லைன் இன்ஸ்பெக்டர் கத்தினாள். இருபது அடி உயரத்துக்குத் தொட்டியைத் தூக்கியபடி நின்ற டிப்பர் லாரிக்குள், ஓட்டுநர் ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புதுக் கட்டடத்துக்குச் சரளை கொட்ட வந்தவர். தொட்டியை உயர்த்தும்போது மேலே போகும் உயரழுத்தக் கம்பியைக் கவனிக்கவில்லை. தொட்டியின் விளிம்பு கம்பியில் மோதி அங்கேயே சிக்கிக்கொண்டது.

முதலில் அவரை உள்ளேயே இருக்கச் சொன்னவளும் இவள்தான். “வண்டிக்குள்ள இருக்கிற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, இறங்கினா உயிருக்கே ஆபத்து” என்றாள். பிறகு பின் டயர் புகைந்தது. புகை நெருப்பானதும், “குதிங்க” என்றாள். அவர் அசையவில்லை.

“இறங்கினா செத்துடுவேன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப குதிங்கறீங்க! கரண்டை நிறுத்துங்க, அப்பறம்தான் இறங்குவேன்!”

அதற்கப்புறம்தான் அவள் துணைமின் நிலையத்தை மறுபடி அழைத்தாள். ஏதோ கேட்டாள், “சரி” என்று மட்டும் சொன்னாள்.

“நிஜமாவே நிறுத்திட்டாங்களா மேடம்?”

“நிறுத்தியாச்சு. ஆனா எந்த நிமிஷமும் திரும்ப வரலாம். அதனால நான் சொல்ற மாதிரிதான் வரணும்.”

அதே கட்டடத்தில் சித்தாளாக வேலை பார்க்கும் அவர் மனைவி முன்னால் பாய்ந்தாள். “அதான் நின்னுடுச்சே! நான் போய்க் கையைப் பிடிச்சு இறக்கறேன். நாற்காலியிலேர்ந்து எழுந்திருக்கவே இந்த மனுஷனுக்கு ஆள் வேணும்!”

இன்ஸ்பெக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வளையல் நெரிந்து உடைந்தது. அப்போதும் விடவில்லை.

“அண்ணே, படியில நில்லுங்க. ரெண்டு காலையும் சேர்த்துக் குதிங்க. கை வண்டியிலயும் கால் மண்ணுலயும் ஒரே நேரத்துல படவே கூடாது.”

“அப்பறம்?”

“நடக்கக் கூடாது. காலை ஒட்டி வச்சுக்கிட்டே தத்தித் தத்தி வாங்க. கரண்ட் மண்ணுல வட்டம் வட்டமாப் பரவும். ஒரு கால் இங்க, ஒரு கால் அங்கன்னு வச்சா, நடுவுல உங்க உடம்புதான் ஒயர்.”

அவர் கதவைத் திறந்தார். நெருப்பு மட்கார்டை நக்கிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு குதித்தார்.

பாதங்கள் ஒன்றாகத்தான் விழுந்தன. ஆனால் சரளை வழுக்கியது. உடம்பு முன்னால் சாய, வலது கால் தானாகக் கிளம்பியது.

“காலை எடுக்காதீங்க!”

அந்த அலறலில் கால் அங்கேயே நின்றது. கைகளைச் சுழற்றிச் சுழற்றி, எப்படியோ நிமிர்ந்துவிட்டார்.

ஒரு தத்தல். இன்னொன்று. செருப்பு ஒன்று கழன்றது, குனியப் போனவரை, “விட்டுத் தொலைங்க!” என்று மனைவியின் குரல் நிமிர்த்தியது. ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டையைக் கட்டி விட்டதுபோல் அவர் தொப்பை குலுங்கியது. யாரும் சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றைத் தாண்டியதும் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவி அவர் முதுகில் நாலு அடி வைத்தாள். பிறகு அந்த முதுகிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

படீரென்று டயர் வெடித்தது. ஓட்டுநர் துள்ளி எழுந்தார். பன்னிரண்டு வருடமாக ஓட்டிய வண்டி. பக்கத்திலிருந்த மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு கயிற்றை நோக்கி ஓடினார்.

இன்ஸ்பெக்டர் குறுக்கே பாய்ந்து, அவர் சட்டையை இரண்டு கையாலும் பற்றினாள்.

“விடுங்க மேடம், ரெண்டு வாளி போட்டா அணைஞ்சிடும். அதான் கரண்ட் இல்லையே!”

“இருக்குண்ணே. அவங்க இன்னும் நிறுத்தவே இல்ல.”