டேபிளுக்கு அடியில் மூங்கில்

செக்கிங் டேபிளுக்கு அடியில், சிமெண்டைப் பிளந்துகொண்டு மூங்கில் குருத்து முளைத்திருந்தது.

பனியன் கம்பெனி முதலாளி பெருமாள்சாமிக்குத் தலை கிறுகிறுத்தது. வியாழக்கிழமை, பனியன் ஆர்டர் கொடுக்கிற பையரம்மா ஜெர்மனியிலிருந்து வருகிறாள். அவள் தலையாட்டினால் அவர் எக்ஸ்போர்ட்டர். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் அடுத்தவனுக்கு ஜாப் ஒர்க்தான்.

விறுவிறுவென்று பின்பக்க வேலிக்குப் போனார். அந்தப் பக்கம் ரங்காத்தாளின் தோட்டம். மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க்கா, உங்க மூங்கில் எங்க கம்பெனிக்கே வேலைக்கு வந்துருச்சுங்க!"

"வந்தா சம்பளம் போட்டுக் குடுங்க தம்பி."

"வெளையாடாதீங்க்கா. உப்புப் போட்டேன், சீமெண்ணெய் ஊத்துனேன், குழி வெட்டித் தகரத்தக் கூட எறக்கிப் பாத்துட்டேன். தகரத்துக்கு அடியில பூந்து வருதுங்க. புதரையே தோண்டிப் போடலாமுங்க. ஆள் கூலி என்ற பொறுப்பு."

"உங்க பக்கம் வந்ததை வெட்டிக்குங்க. புதர்ல மட்டும் கை வெக்கக் கூடாதுங்க."

"அப்பிடி என்னங்க இருக்குது அதுல?"

சொல்ல வாயெடுத்த ரங்காத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொன்னா நல்லாருக்காதுங்க தம்பி. விடுங்க."

புதையல் கிதையல் வைத்திருப்பாளோ என்றுகூட யோசித்தார். கடைசியில், எல்லாம் திமிர் என்று முடிவுகட்டினார்.

செவ்வாய்க்கிழமை ரங்காத்தாள் சாமளாபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். இதை விட்டால் சமயம் வாய்க்காது என்று ஆட்களை இறக்கினார் பெருமாள்சாமி. அடுத்தவள் தோட்டமாயிற்றே என்று அவருக்குத் தோன்றவே இல்லை. புதரில் கடப்பாரை விழுந்தது.

தையல் மெஷினிலிருந்து ஒச்சாயி எழுந்து ஓடிவந்தாள். மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பெண்.

"மொதலாளி, அதை வெட்டாதீக..."

"உனக்கென்ன அதுல? போயி மெஷின்ல உக்காரு!"

மற்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் புதர் வேரோடு வந்தது; டேபிளுக்கு அடியில் புதுச் சிமெண்டும் பூசினார்கள்.

வியாழன் காலை ரங்காத்தாள் திரும்பினாள். ஊரைக் கூட்டப்போகிறாள் என்று பெருமாள்சாமி மல்லுக்கு நிற்கத் தயாரானார். அவளோ மொட்டையாய்க் கிடந்த இடத்தைப் பார்த்தாள், கம்பெனியைப் பார்த்தாள். வீட்டுக்குள் போய்க் கடப்பாரையும் பழைய சேலைகளும் எடுத்து வந்தாள்.

'அப்பாடா, வேலி கட்டறா போல' என்று இவர் பையரம்மாவை வரவேற்க ஓடினார்.

பையரம்மா லைட்டைப் பார்த்தாள், புதுத் தரையைப் பார்த்தாள், துணியை இழுத்து இழுத்துப் பார்த்தாள். "குட், குட்" என்றாள். மேனேஜர் ஞானசம்பந்தம் முதலாளியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அவளுக்காகவே டைல்ஸ் ஒட்டிப் பூட்டி வைத்திருந்த ஆபீஸ் பாத்ரூமைத் திறந்துவிட்டார்கள். போய்விட்டு வந்தவள் இங்கிலீஷில் என்னமோ கேட்டாள். ஞானசம்பந்தத்தின் முகம் தொங்கிப்போயிற்று.

"என்னய்யா கேக்கறாங்க?"

"இது ஆபீசுக்குச் சரி, இத்தனை பொண்ணுங்க வேலை செய்யறாங்களே, அவங்களுக்கு எங்கேன்னு கேக்கறாங்க."

கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அந்த நினைப்பே பெருமாள்சாமிக்கு வந்ததில்லை.

"பின்னாடி இருக்குதுன்னு சொல்லுய்யா!"

ஞானசம்பந்தம் சொன்னார். பையரம்மா நம்பியதாகத் தெரியவில்லை. பக்கத்து மெஷினில் இருந்த ஒச்சாயியின் தோளைத் தொட்டு, "டாய்லெட்?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை ஒச்சாயிக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். அங்கே ரங்காத்தாள் கம்பு நட்டுச் சேலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தா, அந்தக்கா எங்களுக்காக மறைப்புக் கட்டுதுல்ல, அதுதாம்மா. முந்தி மூங்கிலே மறைப்பா இருந்துச்சு. மொதலாளிதான் வெட்டிப்புட்டாரு."