ஒயர் கூடை

வேலையிலிருந்து வந்தவன் ஒரு தூக்கம் போட்டு எழுந்தபோது, மகள் சிவப்பு மஞ்சள் ஒயரில் கூடை பின்னிக்கொண்டிருந்தாள். கல்குவாரியில் வெடி வெடித்து முடிந்தபின் மிஞ்சும் ஒயரை அவளுக்கென்றே பையில் போட்டுக் கொண்டுவருவான்.

“இன்னிக்குப் புது ஒயருப்பா, பளபளன்னு இருக்கு!”

போன் அடித்தது. மேஸ்திரி கத்தினார்.

“தூங்குமூஞ்சி! உன் பை இங்க கிடக்கு. நாளைக்கு வைக்க வேண்டிய வெடிக்குழாய் இருந்த பையைத் தூக்கிட்டுப் போயிட்டியேடா!”

அவன் மகளிடம் ஓடினான்.

“கண்ணு, ஒயர் நுனியில குட்டிக் குழாய் இருந்துச்சே, எங்க?”

“உஷ்! அம்மாவுக்கே தெரியாது.” அவள் காதருகே வந்தாள். “கலர் கேக்கு மாவுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கேன். யாருக்குக் கிடைக்குதோ, அவங்களுக்குப் பரிசு.”

அடுப்படியிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

“ரெண்டு பேரும் ஓடியாங்க! அடுப்புல கேக்கு எப்படிப் பொங்குது பாருங்க!”